மொட்டைமாடியில் ஒரு பிறை

வெயிலே கண் சொக்கிக் கிடந்த ஒரு சித்திரை மாதம். கூழ்வடகம் போட்டு விற்கும் மரியபுஷ்பம், மொட்டைமாடியில் சோலார் தகடு வைக்க அரசு மானியம் கேட்டிருந்தாள். காலையிலேயே பார்வையிட வந்த அதிகாரி தணிகாசலம் மாடி ஏறியதும் உதட்டைப் பிதுக்கினார்.

"இங்கே எங்கேயும் நிழல் விழாதுன்னு நிரூபிக்கணும்மா. இல்லேன்னா மானியம் கிடையாது."

"இன்னிக்கே நிரூபிச்சிடலாம் சார்" என்றவள், மாடி முழுக்க வேட்டியை விரித்து வடகம் பிழிந்தாள். "சாயங்காலம் எது காயலையோ, அங்கேதான் நிழல்."

இவள் ஏதும் தில்லுமுல்லு செய்வாளோ என்று அவர் நட்டநடுவே நாற்காலி போட்டு, பெரிய குடையை விரித்துக் காவல் உட்கார்ந்தார். வானத்தில் பொட்டு மேகமில்லை. அனல் காற்றில் வடகங்கள் வெள்ளை அலைகளாக மிதப்பதுபோல் இருந்தது. அவர் மெல்லக் கண்ணயர்ந்தார்.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் எல்லாம் கலகலவென்று காய்ந்திருந்தது. நாற்காலியை ஒட்டி மட்டும் பிறைநிலா போல ஈரம்.

"பார்த்தியா, நிழல்!" என்று துள்ளி எழுந்தார் அதிகாரி.

"ஆமா சார். இந்த மாடியில வெயிலை மறைக்கிறது நீங்க ஒருத்தர்தான். கையெழுத்தைப் போட்டுட்டு இறங்கினீங்கன்னா அதுவும் போயிடும்."

அவர் முதலில் குடையை மடக்கினார். பிறகு பேனாவைத் திறந்தார்.