லீவிலும் ஆசி கொடுத்த செங்கமலம்

ஆற்றங்கரைக் காட்டில் கோயில் யானை செங்கமலம் லாரியில் வந்து இறங்கியது. கல் தரையில் நின்று நின்று அதன் கால்கள் வீங்கிப்போயிருந்தன. "ஒரு மாசம் லீவு. காட்டுல நடக்கட்டும், ஆத்துல ஊறட்டும். வீக்கம் வத்தலைன்னா இந்த வருஷம் தேருக்கு முன்னாடி நடக்க முடியாது!" என்று வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார். தேருக்கு முன்னால் நடப்பது என்றால் செங்கமலத்துக்கு உயிர்.

ஆனால் பழக்கதோஷம் விடுமா? வந்த அன்றே ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டது. அந்தப் பக்கம் போன முயலின் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசி கொடுத்தது! முயல் மயங்கி விழாத குறை.

மரத்திலிருந்து இதைப் பார்த்தது சடையன் என்ற குரங்கு. அதன் மூளை சும்மா இருக்குமா?

"அக்கா! காடே உங்க ஆசிக்கு ஏங்கிக் கிடக்குது. நீங்க நின்னா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

மறுநாளே காடு வரிசை கட்டிவிட்டது. ஆசி செங்கமலத்திடம், அதற்கான பழம் சடையனிடம். நரி தலைவலிக்காக வந்தது. மயில் தோகை வளர வந்தது. காட்டுப்பன்றி எதற்கென்றே தெரியாமல், கூட்டத்தைப் பார்த்து வந்து நின்றது. நான் இல்லாவிட்டால் இதுகள் என்ன செய்யும் என்று செங்கமலம் பூரித்துப்போனது. கால் வீக்கமோ கூடிக்கொண்டே போனது.

பதினைந்தாம் நாள் ஓர் எருமை வந்தது. அது தலையை நீட்டவில்லை.

"கொஞ்சம் தள்ளும்மா! நீ நிக்கிறது ஆத்துக்குப் போற வழி!"

"உனக்கு ஆசி வேண்டாமா?" என்றது செங்கமலம்.

"அதை வச்சு நான் என்ன பண்ண? உடம்பு எரியுது, சேறு வேணும். ஆமா, உன் காலு ஏன் இப்படி நடுங்குது?"

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. வந்து இத்தனை நாளாகியும் ஆறு எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரியாது! வெட்கமாக இருந்தது. தேரை நினைத்தால் அழுகையும் வந்தது. எருமையின் பின்னால் நொண்டி நொண்டி நடந்தது.

"அக்கா! வரிசை நிக்குது!" என்று கத்தியது சடையன்.

"போடா! நான் லீவுல இருக்கேன்!"

அப்படியே தொப்பென்று ஆற்றில் விழுந்தது. சேற்றில் புரண்டது, மூங்கிலை ஒடித்துத் தின்றது. அன்றிலிருந்து தினமும் ஆற்றுக் குளியல், தினமும் நடை. பழத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குச் சடையன் தானே தலையில் கைவைத்து ஆசி கொடுக்கப் பார்த்தது. நரி கையைக் கடித்துவிட்டது!

மாதக் கடைசியில் வைத்தியர் லாரியோடு வந்தார். அவர் குனிந்து காலைப் பார்ப்பதற்குள், யாரும் தள்ளாமலே செங்கமலம் சாய்த்து வைத்த பலகை வழியாக லாரியில் விறுவிறுவென்று ஏறி நின்றது.

லீவு எடுத்தும் வேலையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குக் காடும் கல் தரைதான். இறங்கி நனைந்தால்தான் ஆறு மருந்தாகும்.