சமவெளி டீசல்

பனிமலை ஆசிரமத்தில் அன்று அரிசி வாங்கப் போகவேண்டிய ஜீப் கிளம்பவே இல்லை. நாமக்கல் பக்கம் காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டுச் சீடராக வந்த அய்யாவு சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். ம்ஹூம். லொக்கு லொக்கென்று இருமியதோடு சரி.

ஞானாம்பிகை அம்மா வந்து நின்றார். அய்யாவுவைவிட வயதில் இளைய குரு. வண்டியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"என்ன ஆச்சு அய்யாவு?"

"கீழே சமவெளியில டேங்க்கை ரொப்பிட்டு அப்படியே ஏறி வந்துட்டனுங்க அம்மா. அந்த டீசல் இந்தக் குளிருக்கு மெழுகாட்டம் உறைஞ்சிருச்சு. எம் புத்தியைச் செருப்பால அடிக்கோணும்."

வெந்நீரில் தோய்த்த சாக்கை டீசல் ஃபில்டர்மேல் சுற்றிக்கொண்டே, மனதை அரித்துக்கொண்டிருந்ததையும் அய்யாவு கேட்டுவிட்டார்.

"ஊர்ல என் தம்பிக்கு நெஞ்சுல ஆபரேஷனாம். பனி கொட்டுச்சுன்னா பாதையை மூடிருவாங்க, அப்புறம் பங்குனிக்குத்தான் இறங்க முடியும். ஆனா அப்பன் சாவுக்கு நான் லோடை விட்டுட்டு வரலைன்னு அவன் எங்கூடப் பேசறதே இல்லீங்க. போய் நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவான், பயமா இருக்கு. அவனா மனசு இளகிக் கூப்பிடட்டும்னு இருக்கேன். சரிதானுங்களே?"

அம்மா காதில் வாங்கினாரோ இல்லையோ, தரையில் கிடந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"டீசல் உறையாம இருக்கறதுக்கு மருந்துங்க."

"ஊத்தலாமே?"

"உறையறதுக்கு முந்தி ஊத்தியிருக்கோணும். இப்ப ஊத்தினா கலக்காதுங்க."

"வெயில் வந்தா தானா இளகாதா?"

"இங்கே வெயிலா! நல்லாக் கேட்டீங்க." அய்யாவு சிரித்துவிட்டார். "அதை நம்பி உக்காந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான். நாமதான் சூடு காட்டோணும்."

"ஒரு சாக்கு போதுமா?"

"அது ஆறிப்போயிருமுங்க. மறுபடி தோய்ச்சுச் சுத்தோணும். இளகற வரைக்கும்."

சொல்லும்போதே அய்யாவுவின் குரல் தணிந்தது.

அம்மா சமையல்கட்டுக்குப் போய் இன்னொரு வாளி வெந்நீர் தூக்கிவந்தார். சாக்கு மாற்றி, மாற்றி, கடைசியில் ஜீப் கடகடவென்று உயிர் பிடித்தது.

"அம்மா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"தம்பி பேர் என்ன?"

அய்யாவு வாயைத் திறந்தார். 'அவன்' என்றே சொல்லிப் பழகிப்போன நாக்கு.

"செங்கோடன்."

"ஒரு தடவை போதுமா? இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் அம்மா.