திரும்ப மாட்டேன் என்ற டீச்சர்

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் நல்லவர்கள் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் மூன்று வாக்குக் கொடுத்து, மூன்றையும் காப்பாற்றினால் ஓர் உயிர் போகும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது? கதையைக் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

விசைத்தறிகள் ஓடும் ஓர் ஊரில் பெண்கள் பள்ளி ஒன்று. அங்கே இனப்பெருக்கப் பாடம் வந்தாலே ஆசிரியர்கள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவது வழக்கம். வீட்டில் யார் சொல்லித் தருவார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த வருடம் புதிதாக வந்த பூங்கொடி டீச்சர்தான் தாவாமல் நின்றார். வெட்கத்தில் பெண்கள் வாயே திறக்காததைப் பார்த்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் மேசையில் தலை கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்து நிற்பார். யாரும் எதையும் கேட்கலாம்.

"எது கேட்டாலும் நான் திரும்ப மாட்டேன். யார் கேட்டதுன்னு தேடவும் மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். இது முதல் வாக்கு.

முதல் வாரம் மௌனம், அடுத்த வாரம் சிரிப்பு. அதன்பிறகு கேள்விகள் கொட்டின.

பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கோகிலாவும் மோகனாவும். மோகனாவுக்குச் சில மாதங்களாகத் தீட்டு வரவில்லை. பள்ளிக்குப் பெண்களை ஏற்றிவரும் வேனை ஓட்டுகிறவன்தான் காரணம். ஒன்றும் ஆகாது என்று அவன் சொல்லியிருந்தான். ஆகும் என்று சொல்ல அவளுக்கு வேறு ஆள் இருக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவன் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் திணித்து, என் பெயர் வெளியே வந்தால் உன் அப்பாவிடம் நானே வேறு மாதிரி சொல்வேன் என்று மிரட்டி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். இது இரண்டாம் வாக்கு.

தாங்க முடியாமல் கோகிலாவிடம் மட்டும் மோகனா உடைத்துச் சொன்னாள். சொல்வதற்கு முன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கோகிலாவின் அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இது மூன்றாவது.

அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது கோகிலாதான். போன வருடம் அவள் தெருவில் ஒரு அக்கா இப்படித்தான் எதையோ வாங்கி விழுங்கிவிட்டுச் செத்துப்போனாள். வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னார்கள். துவைத்தும் ரத்தக்கறை போகாமல் காயப்போட்ட பாயைப் பார்த்த கோகிலாவுக்கு அது வயிற்றுவலி இல்லை என்று தெரியும். அதனால் மோகனாவிடம் கெஞ்சினாள். விழுங்குவதற்கு முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, அவர் திரும்ப மாட்டார், உன்னை யாருக்கும் தெரியாது என்றாள்.

மோகனா கேட்டாள்.

"கருவைக் கலைக்கக் கடையில விக்கிற மாத்திரைய நாமளே போட்டுக்கலாங்களா டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"போடக் கூடாது. ரத்தம் நிக்காமப் போயி உயிரே போயிரும். எத்தனை மாசம்னு பார்த்து ஆஸ்பத்திரிலதான் வைத்தியம் பண்ணணும். யாரா இருந்தாலும் சரி, நான் கூட வர்றேன். திட்ட மாட்டேன். ஆனா ஒண்ணு, படிக்கிற புள்ளைன்னா போலீஸுக்குச் சொல்லித்தான் ஆகணும். அத மறைச்சுப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் பயந்தவள் காதில் போலீஸ் என்ற சொல் விழுந்த பிறகு வேறு எதுவும் ஏறாது. போலீஸ் வந்தால் அப்பாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். பைக்குள் மோகனாவின் கை போவதைக் கோகிலா உணர்ந்தாள். அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து அட்டையைப் பிடுங்கினாள். ஒரு குழி காலியாக இருந்தது.

விழுங்கிவிட்டாளா, இல்லையா? மோகனா தலை நிமிரவில்லை. கேட்டால் வகுப்புக்கே தெரிந்துவிடும். கேட்காவிட்டால்? அந்தப் பாய் கண்முன் வந்து நின்றது. எழுந்து நின்றாள்.

"நான்தானுங்க டீச்சர் கேட்டேன். மாத்திரை எங்கிட்டத்தான் இருக்குதுங்க. ஒண்ணு காணோமுங்க."

கேள்வி கேட்ட குரல் இது அல்ல என்று டீச்சருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். திரும்பினால் டீச்சரின் வாக்குப் போகும், இனி ஒரு பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். பெயரைச் சொன்னால் கோகிலாவின் சத்தியம் போகும். மோகனா எழுந்தால் வேன்காரனுக்குக் கொடுத்த வாக்குப் போகும். இந்த மூன்றில் உடைய வேண்டியது எது?

என் விடை: மோகனா அவனுக்குக் கொடுத்தது வாக்கே அல்ல. மிரட்டிப் பிடுங்கியதற்கு அந்தப் பெயர் கிடையாது. ஆனால் அதை அவளே உணர்ந்து எழுந்து நிற்க நேரமில்லை. தாயின் மேல் செய்த சத்தியத்தைப் பதினைந்து வயதுப் பெண்ணை உடைக்கச் சொல்வதும் நியாயமில்லை. உடைய வேண்டியது டீச்சரின் வாக்கு. உயிர் போகிற காரியமென்றால் திரும்புவேன் என்று முதல் நாளே சொல்லாதது பெரியவளின் பிழை. அதற்கு விலையும் பெரியவள்தான் கொடுக்க வேண்டும். பூங்கொடி டீச்சரும் அதைத்தான் செய்தார். "என்னை மன்னிச்சுக்குங்க, திரும்பறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். எல்லாத் தலைகளும் கவிழ்ந்தே இருந்தன. கோகிலா ஒரு பெயரும் சொல்லவில்லை. அவளுடைய சீருடை நுனியை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. டீச்சர் போய் அந்தக் கையின் அருகே குனிந்து, யார், என்ன என்று எதுவும் கேட்காமல், "முழுங்கிட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். மோகனா இல்லையென்று தலையசைத்து மறுகையை விரித்தாள். மாத்திரை வியர்வையில் பாதி கரைந்திருந்தது.