எண்ணூற்றுப் பன்னிரண்டும் ஒரு ஹாக்கி மட்டையும்

காலை ஒன்பதே கால். எண்ணூற்றுப் பன்னிரண்டு. சங்கரபாண்டியன்.

மூன்றையும் குறித்துக்கொண்ட பொன்னுலிங்கம் டாக்டர், முதல் காரியமாக நோயாளியின் ஹாக்கி மட்டையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இதய ரத்தக் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை ஸ்கேனில் அளந்து சொல்லும் எண்தான் அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு. நானூற்றைத் தாண்டினாலே அதிகம்.

சங்கரபாண்டியனுக்கு அறுபத்தொரு வயது. கோவில்பட்டி மூத்தோர் அணியில் வலது ஓரம் ஓடுகிறவர். வரும் ஞாயிறு இறுதி ஆட்டம். வராந்தாவில் உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸிடமெல்லாம் மட்டை சௌக்கியமா என்று விசாரித்தார்.

முப்பது வருடம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு, ஐம்பத்தேழு வயதில் இதய மருத்துவம் கற்க இதய நிபுணர் மெஹருன்னிசாவிடம் வந்தவர் பொன்னுலிங்கம். இருபது வயது இளையவரான அவரை டீச்சரம்மா என்றே அழைப்பார்.

பொன்னுலிங்கம் எழுதிய அறிக்கையை மெஹருன்னிசா படித்தார். இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை, ஆட்டம் கூடாது என்றிருந்தது.

“ரத்தம் போதலைன்னு எதுல பாத்தீங்க அண்ணாச்சி?”

“எண்ணூத்திப் பன்னிரண்டு, டீச்சரம்மா. இதுக்கு மேல என்ன பாக்க?”

மெஹருன்னிசா அவரைக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு குழாய்கள். ஒன்று பழையது, போர் தண்ணீரின் உப்பு படிந்து காலிஃபிளவர் போலிருந்தது. மற்றது போன மாதம் பொருத்தியது, பளபளவென்றிருந்தது. எதில் தண்ணீர் நன்றாக வரும் என்று கேட்டார்.

பொன்னுலிங்கம் யோசிக்காமல் புதியதைத் திறந்தார். சொட்டியது. பழையதைத் திறந்தார். சட்டை நனைந்தது.

“மட்டையைப் பூட்டினவருக்கு வேணும்,” என்றார் வராந்தாவிலிருந்து சங்கரபாண்டியன்.

மதியம் அவரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, ரத்தம் இதயத் தசைக்குப் போய்ச் சேர்கிறதா என்று படம் எடுத்தார்கள். ஓடும்போதும் எதிரணியைத் திட்டிக்கொண்டே ஓடினார். தசை முழுவதும் ரத்தம் குறைவில்லாமல் போயிருந்தது. மெஹருன்னிசா தினசரி மாத்திரை எழுதினார். நெஞ்சு இறுகினால் உடனே களத்தைவிட்டு வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மட்டையைக் கொடுத்தார்.

பொன்னுலிங்கத்துக்கு ஆறவில்லை. அப்படியானால் அந்த எண் எதற்கு என்று கேட்டார்.

“மாத்திரைக்கு, அண்ணாச்சி. அதை நீங்க எழுதவே இல்லை. ஓடலாமான்னு ஓடவிட்டுத்தான் கேக்கணும்.”

பொன்னுலிங்கம் இன்னும் காயாத சட்டை நுனியைப் பிழிந்தார்.

2025 ஜனவரி 19, ஞாயிறு. கோவில்பட்டி இரண்டு, எதிரணி ஒன்று. இரண்டாவது கோல் சங்கரபாண்டியனுடையது.