மகாராஜாவுக்கு நாய் ஆகுமா?

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் அரண்மனையே தலைகீழாகிய காலத்தில், பூபால சிங்கர் என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் அரை நாழிகையில் போய்விடும். ஆசை வந்தால்தான் ஆபத்து, அது முழுசாக நாலு நாள் இருக்கும்.

ஒரு பங்குனியில் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். கூடவே கன்னி ஜாதி வேட்டை நாய் ஒன்றும் வந்தது. கறுத்த உடம்பு, ஒடுங்கின இடுப்பு, நீண்ட மூக்கு. விருந்தாளி எழுந்தால் அதுவும் எழுந்தது. அவர் உட்கார்ந்தால் காலடியில் படுத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பூபால சிங்கரின் முகத்தை அப்படிப் பார்க்க அரண்மனையில் ஓர் ஆள் கிடையாது. ராஜா முன்னால் எல்லாரும் தரையைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். விருந்தாளி ஊர் போய்ச் சேருவதற்குள் பின்னாலேயே தூதன் போனான். அந்த ஜாதியில் ஒரு குட்டி வேண்டும். குட்டி இருக்கிறது, பால் மறந்ததும் பத்து நாளில் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

சபையில் மகாராஜா இதைச் சொன்னதும் எல்லாரும் “ஆகா!” என்றார்கள். சொல்லாதவர் ஒருவர்தான். அவர் சபை விகடகவி குழைக்காதர்.

போன வருஷம் இதே “ஆகா” ஒரு மான்குட்டிக்கும் கிடைத்தது அவருக்கு நினைவு வந்தது. நாலு நாள் அதைக் கொஞ்சிய மகாராஜா ஐந்தாம் நாள் மறந்துவிட்டார். குட்டியை லாயத்துக்குப் பின்னால் கட்டினார்கள். வெள்ளித் தட்டில் புல் வைத்தார்கள். பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை. ஆடி மாதம் அது செத்துப்போனது. புதைத்தவர் குழைக்காதர்.

அவர் சும்மா இருந்ததைப் பிரதானி ஆவுடையப்பர் கவனித்துவிட்டார். இவர் பேசினால் மகாராஜா கொட்டாவி விடுவார், குழைக்காதர் பேசினால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆறு வருஷமாக இது பிரதானியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“மகாராஜா, ஒரு விண்ணப்பம்” என்று எழுந்தார் அவர். “தங்கள் வாழ்க்கை முறைக்கு நாய் வளர்ப்பது பொருந்துமா என்று முதலில் ஒருவர் ஆராய்ந்து சொல்வது நல்லது. குழைக்காதரைவிட அறிவாளி யார்? ஏழு நாள் ஆராயட்டும். பொருந்தாது என்று அவர் சொன்னால், மகாராஜாவால் முடியாத காரியமும் உண்டு என்று சொன்னதாகும். அது ராஜ நிந்தனை. பொருந்தும் என்று சொல்லி, பிறகு மகாராஜாவுக்குச் சலிப்பு தட்டினாலோ நாய்க்கு ஒரு குறை வந்தாலோ, சபையில் பொய் சொன்னதாகும். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே, நாடு கடத்தல்.”

ஆசையில் இருக்கிறவருக்குக் காது பாதிதான் கேட்கும். மகாராஜா “அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார்.

வீட்டில் மனைவி கோமதி விஷயத்தைக் கேட்டு உலையை இறக்கி வைத்தாள்.

“ரெண்டு பக்கமும் அடைச்சுப்புட்டாரே அந்த மனுசன்! ஆமான்னாலும் போச்சு, இல்லைன்னாலும் போச்சு. இந்த ஊரை விட்டா நமக்கு யாருங்க இருக்கா?”

“வாயைத் திறந்தாத்தானே போச்சு?” என்றார் குழைக்காதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உள்ளே கவலைதான். ஐம்பத்திரண்டு வயதில் புது ஊருக்குப் போய் யாரைச் சிரிக்க வைப்பது?

மறுநாள் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு சபைக்குள் வந்தார்.

“இதென்ன கோலம், குழைக்காதரே?”

“மகாராஜா, நாய் பொருந்துமா என்று ஆராயச் சொன்னீர்கள். நாய் இல்லாமல் எதை வைத்து ஆராய்வது? குட்டி வரும்வரை அடியேனே நாய். முதுகுப் பிடிப்பு உண்டு, ஆகையால் இரண்டு காலில் நடக்கும் நாய். மற்றபடி ஒரு குறையும் வைக்கமாட்டேன். நாய்கள் பேசுவதில்லை, எனவே ஏழு நாள் அடியேனும் பேசுவதற்கில்லை.”

சொல்லிவிட்டுக் கயிற்றின் நுனியை மகாராஜாவின் கையில் கொடுத்து, காலடியில் உட்கார்ந்துகொண்டார். மகாராஜாவுக்கு ஒரே குஷி. அவர் தலையைத் தட்டிக் கொடுத்தார். ஆவுடையப்பருக்கு மட்டும் எங்கேயோ இடித்தது.

அடுத்த நாள் விடியலில் பள்ளியறைக் கதவை யாரோ பிறாண்டினார்கள். அந்த அரண்மனையில் சங்கு இரண்டு முறை ஊதாமல் மகாராஜா எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

“யார் அது? இன்னும் சங்கு ஊதவில்லையே!”

கதவைத் திறந்தால் குழைக்காதர். கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். வெளியே போக வேண்டுமாம். மகாராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அடேய் பிச்சாண்டி, இதை வெளியே அழைத்துப் போ” என்று காவல்காரனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சபை நேரத்தில் அதற்கு மேல். தூதர் ஓலை வாசிக்கும்போது குழைக்காதர் ஊளையிட்டார். மகாராஜா அந்தப்புரம் போனால் வாசலில் படுத்து முனகினார். பட்டுப் பாதரட்சையில் ஒன்றைக் கடித்துக் குதறி வைத்தார். மகாராஜாவுக்கு எரிச்சல் வந்தது. பிரதானிக்கு வேண்டியது அதுதான். ராஜா எந்த வேலையையும் தன் கையால் செய்யாமல் பார்த்துக்கொள்வது அந்த அரண்மனைக்குக் கைவந்த கலை. விசிற ஒருவர், வெற்றிலை மடிக்க ஒருவர், செருப்பு மாட்ட இருவர். அன்று மாலைக்குள் நாய்க்குச் சோறு வைக்க, உலாவ அழைத்துப் போக, குளிப்பாட்ட ஆள் போட்டாயிற்று. போதாததற்கு, மகாராஜா சார்பில் நாயைத் தடவிக் கொடுக்க ஓர் அதிகாரியும் நியமனமானார். அவர் காலையில் ஏழு தடவை, மாலையில் ஏழு தடவை முறைப்படி தடவினார்.

சோறும் உலாவும் பிச்சாண்டி பொறுப்பு. அவன் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், “சாமி, மெதுவா வாங்க, கல்லு குத்தும்” என்பான். தயிர்சோற்றை உருட்டிக் கையில் கொடுப்பான். இரவு தன் குடிசைத் திண்ணையில் படுக்க வைப்பான்.

மூன்றாம் நாள் மகாராஜா சாவகாசமாக இருந்தார். “குழைக்காதரே, இங்கே வாரும்” என்றார். குழைக்காதர் வரவில்லை. பிச்சாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகாராஜா எழுந்து கிட்டே போனார். “உர்ர்ர்” என்று ஒரு சத்தம் வந்தது.

மகாராஜா அப்படியே நின்றுவிட்டார். எதிரி வாளை உருவியபோதுகூட அவருக்கு அப்படி இருந்ததில்லை. பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாட்டையே கட்டி ஆள்கிறவர் ஒரு காவல்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்!

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்னால் பிச்சாண்டியின் குடிசை வாசலில் ஒருவர் நின்றார். தலையில் கிரீடம் இல்லை, பின்னால் பல்லக்கு இல்லை. “கயிற்றை என்னிடம் கொடு” என்றார்.

இருவரும் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்கள். வெறுங்காலில் மண்ணை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று மகாராஜா யோசித்தார். பனி இறங்கிய மண் சில்லென்று இருந்தது. படித்துறையில் குடம் விளக்கிய ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னண்ணே, கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறீக? அவரு என்னத்தைத் திருடுனாரு?”

“என் செருப்பை” என்றார் மகாராஜா.

“அடப்பாவமே, செருப்புக்கா இந்தப் பாடு? வயசான மனுசன், அவுத்து விடுங்கண்ணே!”

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘அண்ணே’ என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சிரிப்பு ஓய்ந்து கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று கேட்டார்: “அந்த மான்குட்டி என்ன ஆயிற்று?”

நாய் பேசாது. குழைக்காதர் நின்றார், தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். மகாராஜாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் மூன்று நாளும் அவரே கயிற்றைப் பிடித்தார், அவரே சோறு உருட்டிக் கொடுத்தார். முதல் உருண்டை உடைந்து மடியில் கொட்டியது.

ஏழாம் நாள் சபை கூடியது. ஆவுடையப்பர் புன்னகையோடு எழுந்தார். “குழைக்காதரே, கெடு முடிந்தது. மகாராஜாவுக்கு நாய் பொருந்துமா, பொருந்தாதா? சொல்லும்!”

“லொள்” என்றார் குழைக்காதர்.

“இது என்ன பதில்?”

“நாய் சொல்ல முடிந்தது அவ்வளவுதான், பிரதானியாரே” என்றார் மகாராஜா. “மீதியை நான் சொல்கிறேன். போன வாரம் இந்த அரியணையில் இருந்தவனுக்கு நாய் பொருந்தாது. கிளிகூடப் பொருந்தாது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, என்னை யாரும் நாடு கடத்த முடியாது. இன்று இருக்கிறவன் விடியலில் எழுந்திருக்கிறான், நடக்கிறான், தன் கையால் சோறு வைக்கிறான். இவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வான். நாளை முதல் சபை ஒரு நாழிகை தாமதமாகக் கூடும். தடவும் அதிகாரி பழைய வேலைக்குப் போகலாம்.”

ஆவுடையப்பர் விடவில்லை. “மகாராஜா போருக்குப் போனால்? எல்லை பார்க்க இரண்டு மாதம் போனால்? அப்போது நாயின் கதி?”

நியாயமான கேள்வி. மகாராஜா தாடையைத் தடவினார். சபை குழைக்காதரைப் பார்த்தது. அவர் எழுந்தார், மெல்ல நடந்து பிரதானியிடம் போனார். அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து, அண்ணாந்து முகத்தைப் பார்த்தார்.

சபை வெடித்துச் சிரித்தது. மகாராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நாயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது! நான் இல்லாத நாளெல்லாம் அது உம் பொறுப்பு, ஆவுடையப்பரே. ஒரு குறை வந்தால் தண்டனை என்னவென்று நீரே சொல்லியிருக்கிறீர்.”

பிறகு அவர் இறங்கி வந்து குழைக்காதரின் கழுத்துக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அந்த இடத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். “இனிப் பேசலாம், குழைக்காதரே. வேறென்ன வேண்டும்?”

“ஒரு வாரம் தூங்க வேண்டும், மகாராஜா” என்றார் குழைக்காதர். “விடியலில் எழுந்து எழுந்து நாய்க்கே அலுத்துவிட்டது.”

அதற்கு மூன்றாம் நாள் கூடையில் குட்டி வந்தது. கறுப்பு உருண்டை, காதுதான் பாதி. மகாராஜா அதைத் தரையில் விட்டு, தானும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். குட்டி தள்ளாடி நடந்து வந்து அவர் பட்டாடையின் மேல் ஏறி, நிதானமாக மூத்திரம் பெய்தது.

நாலு பணியாட்கள் ஓடி வந்தார்கள். மகாராஜா கையைக் காட்டி நிறுத்தினார். “துணி எங்கே இருக்கும்?” என்று கேட்டார். இருபது வருஷம் ஆண்ட அரண்மனையில் துடைக்கிற துணி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பிச்சாண்டி வடக்கு மூலையைக் காட்டினான். மகாராஜா சிரித்தபடி ஈர ஆடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். குட்டி அவர் பின்னாலேயே ஓடியது.