ஆயிரம் பேருக்குச் சமைச்சவரும் ரெண்டு பேர் சாப்பாடும்

ஒரு ஊர்ல ஒரு கல்யாணச் சமையல்காரர் இருந்தாராம். ஊரு ஆலங்குளம் பக்கம், அவரு பேரு ஆவுடையப்பன். கரண்டிய எடுத்தாருன்னா ஆயிரம் பேருக்குச் சாம்பார் ரெடி. ஆனா வீட்டுல அடுப்புப் பக்கமே போகமாட்டாரு. அங்க எல்லாம் அவரு பொண்டாட்டி சண்முகவடிவுதான். கேக்கிறியா? ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒரு ஆடி மாசம். கல்யாணமே கிடையாது, அவரு வீட்டுல சும்மா இருக்காரு. அப்போ பாத்து வடிவு குளிக்கிற எடத்துல வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்துட்டா. வலது கை முறிஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்ட டாக்டர், ரத்தக் கொதிப்பும் இருக்கு, எண்ணெய், உப்பு ரெண்டையும் குறைக்கணும், மாத்திரைய வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஆவுடையப்பன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, நான் இருக்கேன்ல, ரெண்டு பேருக்குத்தானேன்னாரு.

மொத நாளு சாம்பார். அண்டா அண்டாவாக் கிண்டுன கைக்குச் சின்னதா அள்ளத் தெரியல. பருப்ப வாரிப் போட்டு, அடுப்பப் பத்த வச்சப்புறம்தான் காயத் தேடுறாரு. இவரு அங்க கத்திரிக்கா நறுக்க, இங்க பருப்பு தளபுள தளபுளன்னு கொதிச்சு, புஸ்ஸுன்னு பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு. பருப்பு நறுக்கு நறுக்குன்னு பல்லுல கடிபட, வடிவு ரெண்டு வாயோட நிறுத்திட்டா.

ரெண்டாம் நாளு தோசை. கல்லுல ஒட்டிக்கிச்சு. ஒட்டினா எண்ணெய ஊத்துறதுதான் அவருக்குத் தெரிஞ்ச வழி. சொர்ர்ர்னு ஊத்தினாரு. வடிவு பயந்துபோய் அரைத் தோசையோட எந்திரிச்சுட்டா.

மூணாம் நாளு அவருக்குக் கோவம் வந்து, எண்ணெயும் இல்ல உப்பும் இல்லன்னு கீரைய மூடிபோட்டு வேகவச்சாரு. தொறந்தா நிறமே செத்துப்போச்சு, வாயில வச்சா வெறும் தண்ணி. வடிவு பசிக்கலன்னுட்டு, வெறும் வயித்துலயே மாத்திரையப் போட்டுக்கிட்டா. சாயங்காலம் எந்திரிச்சவளுக்குத் தலை கிர்ருன்னு சுத்தி, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அதப் பாத்ததும் ஆவுடையப்பன் ஓடி வந்து தாங்கிப் பிடிச்சாரு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் அவள உக்கார வச்சு, தானும் பக்கத்துல உக்காந்தாரு. "எத்தனையோ பேரு நான் சமைச்சத வயிறாரச் சாப்பிட்டிருக்காங்க. உன் ஒருத்தியச் சாப்பிட வைக்க முடியலையே வடிவு."

அவ கேட்டா, "கல்யாண வீட்டுல காய நறுக்காம அடுப்பப் பத்த வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன இங்க மட்டும் ஏங்க?" அப்புறம் மெதுவாச் சொன்னா, "வெளியில விருந்தாத் தின்னுட்டு வர்றீங்களேன்னு, இருபது வருஷமா நான் ஒரு ஸ்பூன் எண்ணெயிலதான் தாளிக்கிறேன். உப்பும் பாதிதான். நீங்க ஒரு நாளும் கண்டுபிடிக்கல."

பந்தியில ஒரு கல்லு உப்பு கூடினாலும் கண்டுபிடிக்கிற நாக்கு ஆவுடையப்பனுக்கு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. எப்படி எப்படின்னு ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டாரு.

மறுநாள் காலையில பாதி வெங்காயத்த ஒரு சொட்டு எண்ணெயில தொட்டு, தோசைக்கல்லுல தேச்சாரு. தோசை சர்ருன்னு தானா எந்திரிச்சு வந்துச்சு. வடிவு ரெண்டு தின்னா. அப்பவே மத்தியானத்துக்குப் பருப்ப டம்ளர்ல அளந்து ஊறப்போட்டாரு. காயெல்லாம் டக்கு டக்குன்னு நறுக்கி வச்சப்புறம்தான் அடுப்பு. ஊறின பருப்பு சீக்கிரமே மலர்ந்துச்சு. பாத்திரத்துக்குக் குறுக்க மரக்கரண்டி ஒண்ண வச்சாரு, பொங்கி வந்த நுரை அதுல பட்டு அப்படியே அடங்கிருச்சு. கீரையத் தொறந்தே வேகவிட்டாரு, பச்சைப்பசேல்னு இருந்துச்சு. உப்பக் கடைசியில கொஞ்சூண்டு போட்டு, எலுமிச்சம்பழம் நாலு சொட்டு பிழிஞ்சாரு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

வடிவு இடது கையில ஸ்பூனப் பிடிச்சுச் சாப்பிட்டா. ஒரு வாய். ரெண்டு வாய். இவரு மூச்சு விடாம நிக்காரு.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

பந்தியில எத்தனையோ பேரு கேட்ட வார்த்தைதான். ஆனா அன்னிக்கு அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. திரும்பிப் பாத்தா, பாத்திரத்துல அவரோட பங்கு மட்டும்தான் இருக்கு. அளந்து சமைச்சதுல்ல? அத வழிச்சு அவ தட்டுல போட்டுட்டு, ருசி பாத்தே எனக்கு வயிறு ரொம்பிருச்சுன்னாரு. வடிவு நம்பல. தட்ட ரெண்டு பேருக்கும் நடுவுல நகத்தி வச்சா. ஒரே தட்டுல ரெண்டு பேரும் வழிச்சுச் சாப்பிட்டாங்க.

ம் வரலையே... சரி. அவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டாங்க கண்ணு, நீயும் கண்ண மூடிக்கோ.