மைனா கேட்ட வேகம்

ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் உச்சியில் மரங்கொத்தி ஒரு பொந்து குடைந்துகொண்டிருந்தான். பொந்து மைனாவுக்காக. அவளோ பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, வானத்தையும் பொந்தையும் மாறி மாறிப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் முட்டை. மேற்கே கருமேகம். பொந்தில் இன்னும் அவள் தலைகூட நுழையாது.

“டொக்…… டொக்……” என்று கொத்தினான் மரங்கொத்தி. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே ஒரு தூக்கமே போட்டு எழுந்துவிடலாம்.

“தம்பி, கொஞ்சம் வேகமாத்தான் கொத்தேன்!” என்றாள் மைனா.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா அக்கா? ஓணான் அண்ணன் தலையைப் பாருங்க. அவர் ஆட்டுற வேகம்தான் என் வேகம்!”

அதுதான் அந்த மரத்தின் ஏற்பாடு. மரங்கொத்தியை அவன் போக்கில் விட்டால் வெறி பிடித்ததுபோல் கொத்துவான். மரமே அதிரும். அதனால் குடியிருப்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஓணான் தலையாட்டும் வேகத்தில்தான் அவன் கொத்த வேண்டும் என்று வைத்திருந்தார்கள். “இதற்கு மேல் வேகம் கூடாது” என்று யார் வேண்டுமானாலும் ஓணானிடம் கேட்கலாம். “இதற்குக் கீழே குறையக் கூடாது” என்றும் கேட்கலாம். எல்லாவற்றையும் மனதில் வைத்து ஓணான் தலையாட்டுவார்.

மைனா ஓணானிடம் பறந்தாள்.

“அண்ணே! மழைக்கு முன்னாடி எனக்கு வீடு வேணும். அணில் ஓடுற வேகத்துக்குக் கீழே குறையவே கூடாது!”

“சரிம்மா, கேட்டுக்கிட்டேன்” என்றார் ஓணான். ஆனால் தலை மட்டும் அதே மெதுவாகத்தான் ஆடியது.

“கேட்டுக்கிட்டீங்களா? அப்புறம் ஏன் இப்படி ஆட்டுறீங்க?”

“கீழ்ப் பொந்துல கிளி முட்டை வச்சிருக்கிறா. ஆமை நடக்கிற வேகத்துக்கு மேலே கூடாதுன்னு சொல்லியிருக்கிறா. அணில்கூட ஒரு அளவு சொல்லியிருக்கு, அது நீ கேட்டதுக்கு மேலேதான். ஆனா கிளி சொன்னதுதான் எல்லாத்திலும் கம்மி. அதைத் தாண்டக் கூடாது.”

“அப்போ நான் சொன்னது?”

“ரெண்டும் மோதினா, மேலே போகாதேன்னு சொன்னவங்க பக்கம்தான் நான். வேலை தாமதமானா அப்புறம் முடிச்சுக்கலாம். முட்டை உடைஞ்சா ஒட்ட வைக்க முடியுமா?”

மைனாவுக்கு அது புரிந்தது. அவளும் முட்டைக்காரிதானே! கிளியிடமே கெஞ்சிப் பார்க்கலாம் என்று கீழ்ப் பொந்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. ஒரு பச்சை இறகு மட்டும் கிடந்தது.

“அண்ணே! பொந்து காலி! குஞ்செல்லாம் பறந்துபோய் எவ்வளவோ நாளாயிருக்கும் போல! இப்பவாவது வேகமா ஆட்டுங்க!”

ஓணான் அதே மெதுவாகவே ஆட்டினார். “அவ கேட்ட அளவை நான் எடுக்க முடியாதும்மா. மறுபடி முட்டை வைக்கலாம்னு அவ நினைச்சிருந்தா? அவ மனசு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டவங்கதான் வந்து எடுக்கணும்.”

“நல்ல நியாயம்!” என்று பொரிந்தாள் மைனா. அவளுடைய கணவன் அப்போதுதான் வைக்கோலோடு வந்து சேர்ந்தான். வைக்க இடமில்லாமல் காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டு திரிந்தான்.

“அந்தக் கிளியை நான் பார்த்தேன்” என்றான். “அக்கரைச் சோளக்கொல்லையில இருக்கிறா.”

“இதை இப்பத்தான் சொல்றதா?”

“வாயில வைக்கோல் இருந்துச்சே!”

மைனா வயிற்றுப் பாரத்தோடு ஏரியைத் தாண்டிப் பறந்தாள். நடுவில் காற்று எதிரே வந்து தள்ளியது. எங்கே தண்ணீருக்கு மேலேயே முட்டை வந்துவிடுமோ என்று நடுங்கினாள். எப்படியோ கரை சேர்ந்தாள். அங்கே கிளி, சோளக்கதிரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“அடி கிளி! நீ கேட்ட அளவு இன்னும் அங்கேயே கிடக்குதுடி! எனக்கு வீடு முடியலை!”

“ஐயையோ!” கிளியின் வாயிலிருந்து சோளம் உதிர்ந்தது. “பிள்ளைங்க பறந்த சந்தோஷத்துல மறந்தே போயிட்டேனே!”

“கேக்கறதுக்கு மட்டும் ஓடி வந்தே. வேலை முடிஞ்சதும் ஒரு வார்த்தை வந்து சொல்ல உனக்கு நேரமில்லையா? உன்னால நான் நடுத்தெருவுல முட்டை வைக்கணுமா?”

கிளி உடனே சோளக்கதிரை விட்டுக் கிளம்பினாள். மைனாவை முந்திக்கொண்டு பறந்தாள். “எடுத்துக்கிறேன், அண்ணே!” என்று கத்திக்கொண்டே மரத்தில் வந்து இறங்கினாள்.

அந்த நொடியே ஓணானின் தலை விறுவிறுவென்று ஆடியது. “டொக்டொக்டொக்!” என்று மரத்தூள் பறந்தது. முதல் தூறல் விழும்போது மைனா புதுப் பொந்துக்குள் இருந்தாள். மழை வலுக்கும்போது முட்டைகளும் வந்துவிட்டன. நீல நிறத்தில், பளபளவென்று! அவள் சிறகை விரித்து அவற்றின் மேல் படுத்தாள். அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை.

மழை விட்டது. மரங்கொத்தி தனக்கென்று ஒரு பொந்து தொடங்கினான். “டொக்டொக்டொக்டொக்!” ஓயவே இல்லை. மரம் அதிர்ந்தது. மைனாவுக்கு அடியில் முட்டைகள் ஒன்றோடொன்று உரசின. ஒன்று உருண்டு வாசல் பக்கம் போனது! பதறிப்போய் அலகால் இழுத்து உள்ளே சேர்த்தாள். கணவனை முட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு வெளியே பாய்ந்தாள்.

“யாருக்குடா இவ்வளவு அவசரம்? என் முட்டை உடைஞ்சிருக்குமே!”

மரங்கொத்தி கொத்திக்கொண்டே இருந்தான். அவன் அலகு தேய்ந்து, கழுத்து வீங்கியிருந்தது. ஓணானோ கண் செருக, தலையை ஆட்டியபடியே முனகினார்.

“நீதானம்மா கேட்டே… குறையக் கூடாதுன்னு… நீ இன்னும் எடுக்கலையே…”

மைனாவின் கோபம் அப்படியே அடங்கிப்போனது.

உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது. “ஏம்மா, கிளிகிட்ட என்னமோ கேட்டதா சொன்னியே… நேரமில்லையான்னு?”

“நீங்க சும்மா இருங்க!” என்றாள். பிறகு ஓணானின் அருகே போய், “எடுத்துக்கிறேன் அண்ணே. என்னை மன்னிச்சிடுங்க” என்றாள். மரங்கொத்தி அப்படியே கிளையில் சாய்ந்தான். மைனா ஒரு கொழுத்த புழுவைக் கொண்டுவந்து அவன் வாயில் ஊட்டினாள். அதன்பிறகு தயங்கித் தயங்கி, “முட்டை பொரியற வரைக்கும் கொஞ்சம் மெதுவா…” என்று இழுத்தாள்.

“கேளும்மா, தப்பில்லை” என்று சிரித்தார் ஓணான்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்தன. அவை முதன்முதலாகப் பொந்தை விட்டுத் தத்தித் தடுமாறிப் பறந்த காலையில், கணவன் அவற்றின் பின்னாலேயே ஓடினான். மைனாவுக்கும் ஓடத்தான் துடித்தது. ஆனால் அவள் முதலில் ஓணானிடம் போனாள்.

“எடுத்துக்கிறேன், அண்ணே!” என்று சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் பிள்ளைகளைத் தேடிப் பறந்தாள்.

நம் தேவைக்காக மற்றவர்கள் மேல் வைத்த கட்டுப்பாட்டை, தேவை தீர்ந்ததும் நாமே போய் எடுத்துவிட வேண்டும்.